நாலு வழிச்சாலை வருது, சைக்கிள் எங்கிட்டு போகும்?

பரமக்குடியில இருந்து ராமநாதபுரம் வரைக்கும் 46.7 கிலோமீட்டர் ரோட்டை நாலு வழியாக்க 2025 ஜூலையில மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு, 1,853 கோடி ரூபா திட்டம். என்.எச். 87ல ஒரு துண்டு இது. மதுரைப் பக்கம் கிளம்பி ராம்நாடு, உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் தாண்டி தனுஷ்கோடி வரைக்கும் போற அதே ரோடு.

இந்த மாதிரி நியூஸ் வரும்போதெல்லாம் சைக்கிளைப் பத்தி ரெண்டு விதமா பேசுவாங்க. ரோடு அகலமானா சைக்கிளுக்கும் சேத்து இடம் கிடைச்சிரும், ஓரமா ஒரு கோடு போட்டா முடிஞ்சதுன்னு ஒரு பேச்சு. வீட்டுக்கு ரெண்டு பைக் நிக்குது, இனிமே சைக்கிள் யாரு ஓட்டப்போறா, அதெல்லாம் சென்னை, கோயமுத்தூர் மாதிரி ஊர்ல ஞாயித்துக்கிழமை ஹெல்மெட் போட்டுக்கிட்டு போறவங்க சமாச்சாரம்னு இன்னொரு பேச்சு. ரெண்டுமே சரி கிடையாது. ஏன்னு புரியணும்னா சைக்கிள் வசதின்னா என்ன, அது எந்த ரோட்டுல வேலை செய்யும், எதுல வேலை செய்யாதுன்னு அடியில இருந்து பாத்துட்டு வரணும்.

## மூணே ஏற்பாடுதான்

சைக்கிளுக்கு வசதி பண்றதுன்னா உலகத்துல எங்க போனாலும் அடிப்படையில மூணு வழிதான் இருக்கு.

1. கலந்து ஓடுற தெரு. தனிப்பாதைன்னு எதுவும் இல்ல, கார், பைக், ஆட்டோ, சைக்கிள், நடக்கிறவங்க எல்லாரும் ஒரே தெருவுல. இது நல்லா நடக்கணும்னா எல்லா வண்டியும் 30 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான் நிபந்தனை. கீழக்கரை பழைய தெருக்கள்ல யாரும் திட்டம் போடாமலே இது நடக்குது, தெரு குறுகல், ரெண்டு பக்கமும் ஒசந்த வீடு, நிழல் வேற, காரை வேகமா ஓட்டணும்னு நினைச்சாலும் முடியாது.

2. கோடு போட்ட லேன். ரோட்டு ஓரத்துல பெயிண்ட்ல ஒரு கோடு, உள்ள ஒரு சைக்கிள் படம். மீடியமான வேகம், மீடியமான கூட்டம் உள்ள ரோட்டுக்கு ஏதோ உதவும். நம்மூர்ல பெயிண்ட் காய்றதுக்குள்ள அதுல ஒரு ஷேர் ஆட்டோ நிக்கும், அத சொல்ல வேண்டியதில்ல.

3. தனி டிராக். கர்ப்ஸ்டோன், செடி, கம்பித்தடுப்பு இப்படி ஏதாவது ஒண்ணால மெயின் ரோட்டுல இருந்து பிரிச்ச பாதை. ஒரு சைக்கிளை இன்னொரு சைக்கிள் தாண்டிப் போகணும்னா ரெண்டு மீட்டராவது அகலம் வேணும்.

எந்த ரோட்டுக்கு எது? ரெண்டு கேள்விக்குப் பதில் தெரிஞ்சா போதும், வண்டி என்ன வேகத்துல போகுது, ஒரு மணி நேரத்துல எத்தனை போகுது. வேகம்னா போர்டுல எழுதியிருக்கிற வேகம் இல்ல, நிஜத்துல ஓட்டுற வேகம். அதை அளக்க இன்ஜினியர்கள் நூறு வண்டியை மெதுவானதுல இருந்து வேகமானது வரைக்கும் வரிசையா வச்சு எண்பத்தஞ்சாவது வண்டி என்ன வேகம்னு பாப்பாங்க. போர்டுல 40னு இருந்து அந்த எண்பத்தஞ்சாவது வண்டி 70ல போச்சுன்னா அது 70 ரோடுதான், அதுக்குத் தக்கனதான் பாதை போடணும்.

வேகத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்னா, மோதுற வேகம் ரெண்டு மடங்கானா மோதுற சக்தி நாலு மடங்காகும். 30ல வர்ற வண்டி இடிச்சா பெரும்பாலும் கைகால் முறிவோட தப்பிச்சிரலாம், 60ல இடிச்சா அந்தக் கணக்கே வேற. டிரைவர் பாத்து பிரேக்ல கால் வைக்கிறதுக்கே ஒரு செகண்ட் ஆகும்னு வச்சுக்கோங்க, அந்த ஒரு செகண்ட்ல 30ல போற வண்டி எட்டு மீட்டர் ஓடியிருக்கும், 80ல போறது இருபத்திரெண்டு மீட்டர் ஓடியிருக்கும், அதுக்கப்புறம்தான் பிரேக்கே புடிக்க ஆரம்பிக்கும். அதனாலதான் 2020ல ஸ்டாக்ஹோம்ல நடந்த சாலைப் பாதுகாப்பு மாநாட்டுல, வண்டியும் நடக்கிற, சைக்கிள் ஓட்டுற ஆளும் கலக்குற இடத்துல 30தான் உச்ச வேகம்னு உலக நாடுகள் சேர்ந்து அறிவிச்சாங்க.

## நம்ம ஊரெல்லாம் ரோட்டுல கோத்த ஊரு

சைக்கிள் பத்தின பேச்செல்லாம் பெரிய நகரத்தை மனசுல வச்சுத்தான் நடக்குது. அங்க நூறு தெரு இருக்கும், மெயின் ரோட்டை விட்டுட்டு உள்தெரு வழியா சுத்திப் போயிரலாம். நம்ம கடற்கரையில அந்த வசதி கம்மி. உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் எல்லாம் ஒரே ரோட்டுல மணி மாதிரி கோத்திருக்கு. இந்தப் பக்கம் ஈ.சி.ஆர்ல தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடியும் ஏறக்குறைய அதே கதைதான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கண்மாய், தரிசு, கருவேலங்காடு, நடுவுல ஒரு ரோடு. வீடு அங்கிட்டு, பள்ளிக்கூடம் இங்கிட்டு, ரேஷன் கடை அங்கிட்டு, மீன் இறங்குற இடம் இங்கிட்டு.

இதுல ராமேஸ்வரம் தீவு இன்னும் மோசம். 1988ல திறந்த பாம்பன் ரோட்டுப் பாலம் ஒண்ணுதான் ரோட்டு வழி, பாலத்துல இருந்து கோயில் வரைக்கும் ஒரே ஒரு முக்கிய ரோடு. வடநாட்டு யாத்திரை பஸ், சபரிமலை சீசன் வேன், ஐஸ் ஏத்துற லாரி, பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாருக்கும் அதே ரோடுதான்.

அதாவது இங்க ஹைவேயும் மெயின் பஜாரும் ஒண்ணு. ராமநாதபுரம் டவுனுக்குள்ள மட்டும் பாத்தா அரண்மனை, கேணிக்கரை, பழைய பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், பாரதி நகர், எங்க இருந்து எங்க போனாலும் நாலஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான், சைக்கிள்ல இருவது நிமிஷம். தரை தட்டையா இருக்கு, மேடுங்கிறதே கிடையாது. காகிதத்துல பாத்தா சைக்கிளுக்குன்னே செஞ்ச ஊரு. ஆனா அந்த நாலு கிலோமீட்டர்ல ஒரு அரை கிலோமீட்டராவது பெரிய ரோட்டுல போயே ஆகணும், அந்த அரை கிலோமீட்டருக்குப் பயந்துதான் ஒருத்தர் சைக்கிளையே விடுறாரு. மிச்சம் மூணரை கிலோமீட்டர் எவ்வளவு நல்லா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கிறதா இருந்தா இதை வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் இதுல இருந்து வர்றதுதான்.

## வெள்ளைக் கோட்டுக்கு அங்கிட்டு

ரோட்டு விளிம்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. வெள்ளைக் கோடு, அதுக்கு வெளிய ஒரு முழம் தார், அப்புறம் மண். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழைய தார் மேலயே புது தார் போடுறாங்க, மண்ணு மட்டும் அதே மட்டத்துல கிடக்கு, மழைக்கு அரிச்சு இன்னும் இறங்குது. ரெண்டுக்கும் நடுவுல நாலு விரக்கடை, சில இடத்துல ஒரு சாண் பள்ளம். பின்னாடி ஏர்ஹார்ன் அடிச்சுக்கிட்டு பஸ் வருதுன்னு ஒருத்தர் சைக்கிளை மண்ணுல இறக்குறாரு, பஸ் போன பிறகு திரும்ப தார்ல ஏத்துறாரு. ஹேண்டில்பாரை லேசா வளைச்சு ஏத்தும்போது முன்சக்கரம் அந்த விளிம்புல ஒட்டிக்கிட்டு ஏறாம இழுக்கும், ஆள் ரோட்டுப் பக்கமா சாய்வாரு. நிறைய பேர் விழுறது இப்படித்தான், எந்த வண்டியும் இடிக்காமலே. போலீஸ் ரெக்கார்டுல "தானாக விழுந்தார்"னு போயிரும்.

இது மட்டும் இல்ல. வேகத்தைக் குறைக்கன்னு போடுற வரிவரியான தடுப்பு இருக்கே, அது காருக்கு ஒரு சின்ன அதிர்வு, சைக்கிளுக்கு முதுகெலும்பு வரைக்கும் ஏறும், அதனால அதைத் தவிர்க்க சைக்கிள்காரர் மறுபடி மண்ணுக்கு இறங்குவாரு. பாம்பன் பாலத்துல ரயில் பாலத்தை வேடிக்கை பாக்க வண்டியை ஓரங்கட்டி நிப்பாட்டுறது எல்லாருக்கும் தெரியும், 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்த பிறகு அதுல தூக்குற 72.5 மீட்டர் பாகத்தைப் பாக்க இன்னும் கூட்டம். நிக்கிற வேனுக்கும் ஓடுற பஸ்ஸுக்கும் நடுவுல உள்ள சந்துலதான் சைக்கிள் போகணும், எந்த நேரம் எந்தக் கதவு திறக்கும்னு தெரியாது. ராத்திரியில ஹைபீம். புது சைக்கிள்ல ரிஃப்ளெக்டர் வச்சுத்தான் விக்கணும்னு விதி இருக்கு, ஆனா கடலுக்குப் போக விடியக்காலம் மூணு நாலு மணிக்குக் கிளம்புறவங்க ஓட்டுறது பெரும்பாலும் பதினஞ்சு வருஷம் ஓடின வண்டி, டைனமோ என்னைக்கோ கழண்டு போயிருக்கும்.

## நாலு வழியானா என்ன மாறும்

ரோடு அகலமானா இடம் கிடைக்கும்ங்கிற வாதத்துக்கு வருவோம். அகலம் கூடும்போது வேகமும் கூடும், முன்னாடி சொன்ன ரெண்டு கேள்வியில மொத கேள்விக்குப் பதில் மாறிரும். 50ல ஓடின ரோடு 90ல ஓட ஆரம்பிச்சா அதுக்குக் கோடு பத்தாது, தனி டிராக் இல்லாம முடியாது.

அதைவிடப் பெரிய சமாச்சாரம் ரோட்டு நடுவுல தடுப்பா வர்ற மீடியன். இப்ப ரெண்டு வழி ரோட்டுல நின்னு பாத்து குறுக்க தாண்டிரலாம். மீடியன் வந்தா திரும்புற இடம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். சைக்கிள்ல போற ஆளு எதிர்ல தெரியுற கடைக்குப் போக ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பி இன்னொரு கிலோமீட்டர் வருவாரா? வரமாட்டாரு, ராங் சைடுல ஓரமா எதிர்த்து வருவாரு, இல்லன்னா மீடியன் மேல சைக்கிளைத் தூக்கிப் போடுவாரு. நாலு வழிச்சாலை ஓரத்து ஊர் எதுக்குப் போனாலும் இதைப் பாக்கலாம். மக்களுக்கு டிராஃபிக் சென்ஸ் இல்லன்னு திட்டுறது சுலபம், அந்த டிசைனே ராங் சைடு போகத்தான் வச்சிருக்கு. இதுக்குத் தீர்வு சர்வீஸ் ரோடும் சுரங்கப்பாதையும். சர்வீஸ் ரோடு ரெண்டு பக்கமும் தொடர்ச்சியா, ரெண்டு திசையிலயும் சைக்கிள் போற மாதிரி இருந்தா, அது தானாவே கலந்து ஓடுற தெருவாயிரும். துண்டு துண்டா விட்டா, முடியுற இடத்துல சைக்கிள் நேரா ஹைவேல போய்க் கொட்டும்.

இன்னொண்ணு, நாலு வழி ராமநாதபுரத்தோட நிக்குது. நாப்பது கிலோமீட்டருக்கு மேல நேர் ரோட்டுல வேகமா ஓட்டிட்டு வந்த டிரைவருக்கு 60ங்கிறதே மெதுவாத் தெரியும், கண்ணு அந்த வேகத்துக்குப் பழகிப் போயிருக்கும். அப்படியே உச்சிப்புளி, மண்டபம்னு ரெண்டு வழி ரோட்டுல நுழைவாங்க. திட்டம் பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவுல சத்திரக்குடிப் பக்கம் நடந்தாலும் அதோட விளைவு கடற்கரையிலதான் வந்து இறங்கும்.

## காத்து, உப்பு, முள்ளு

வெளிநாட்டுக் கையேட்டுல மலைமேடு பத்தி பக்கம் பக்கமா இருக்கும். நமக்கு மேடு இல்லன்னேன், ஆனா காத்து இருக்கு. 15 கிலோமீட்டர் வேகத்துல மிதிக்கிறப்ப எதிர்ல 20 கிலோமீட்டர் காத்து அடிச்சா உடம்புல படுற காத்து 35. காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துக்குத் தக்கன ஏறும், கணக்குப் போட்டா காத்தே இல்லாத நாளைவிட அஞ்சு மடங்குக்கும் மேல. ஆனி ஆடியில மேக்க இருந்து அடிக்கிற காத்துல மண்டபத்துல இருந்து ராம்நாடு பக்கம் மிதிச்சவங்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்ல, தொடைக்கே தெரியும். கார்த்திகை மார்கழியில வாடை எதிர்ப்பக்கமா வேலையைக் காட்டும். இதுக்கு மருந்து மரம்தான். ரோட்டோர மரம் நிழலுக்கு மட்டும்னு நினைக்கிறோம், அடர்த்தியா ரெண்டு வரிசை நின்னா காத்தையும் உடைக்கும். அகலப்படுத்துறோம்னு புளியமரத்தை எல்லாம் வெட்டின ரோட்டுல சித்திரை வெயில்லயும் போக முடியாது, ஆடிக் காத்துலயும் போக முடியாது.

உப்பு அடுத்தது. பாம்பன் பகுதி இரும்பை அரிக்கிறதுல உலகத்துலயே பேர் போன இடம், ரயில்வேக்காரங்களே அந்தப் பாலத்துக்குப் பெயிண்ட் அடிச்சு அடிச்சு ஓஞ்சாங்க. அங்க ஒரு சைக்கிளை வெட்டவெளியில விட்டா செயின் துருப்புடிச்சு இறுகிப் போகும், போக்ஸ் கம்பி ஒவ்வொண்ணா அறுந்து வீல் கோட்டம் விழும், ரிம்முல பிரேக் கட்டை வைக்கிற இடம் பொரிஞ்சு போகும். வருஷத்துக்கு ஒரு தடவை ஓவராயில் பண்ணாம கடலோரத்துல சைக்கிள் தாங்காது. அதனால இங்க சைக்கிள் ஸ்டாண்டுன்னா வெறும் கம்பி நட்டா பத்தாது, மேல ஒரு கூரை வேணும். பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி, மீன் மார்க்கெட்டு. கிலோமீட்டருக்கு இத்தனை லட்சம்னு போகிற பாதையைவிட ரொம்ப மலிவான வேலை இது, ஆனா ரிப்பன் வெட்ட லாயக்கில்லாததால யாருக்கும் ஆர்வம் இல்ல.

மூணாவது சீமைக்கருவேல முள்ளு. இந்த மாவட்டத்துல ரோட்டோரம் பூரா அதுதான். வெட்டிப் போட்ட கிளை, விறகு லோடுல இருந்து விழுந்த குச்சி, எல்லாம் ஒதுங்குறது ரோட்டு விளிம்புலதான், சைக்கிள் ஓடுறதும் அங்கதான். கார் டயருக்கு அது ஒண்ணுமே இல்ல, சைக்கிள் டியூப்ல ஏறினா தள்ளிக்கிட்டுத்தான் போகணும். முன்னெல்லாம் முக்குக்கு முக்கு பஞ்சர் கடை, தண்ணித் தொட்டியில டியூபை அமுக்கி முட்டை விடுற இடத்துல சொல்யூஷன் தடவி ஒட்டித் தருவாங்க. இப்ப அந்தக் கடையெல்லாம் பைக் கடையாயிருச்சு. பாதை போட்டா மட்டும் போதாது, கூட்டணும். தனுஷ்கோடி ரோட்டுல இதே பிரச்சனை மணல் ரூபத்துல வரும், காத்துல மணல் ஏறிக் கிடக்கிற இடத்துல முன்சக்கரம் வழுக்கும்.

## "யாருங்க இப்ப சைக்கிள் ஓட்டுறா?"

ஓட்டுறாங்க, நம்ம கண்ணுக்குத்தான் படல. தமிழ்நாட்டு அரசு விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02ல எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு 2005-06ல எல்லாப் பிரிவுக்கும் விரிவாச்சு, அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில பதினொண்ணாவது படிக்கிறவங்களுக்குக் கிடைக்குது. ஆக ஒவ்வொரு வருஷமும் புதுசா ஒரு பட்டாளம் சைக்கிளோட ரோட்டுக்கு வருது. மொதல்ல பாதையைப் போட்டுட்டு அப்புறம் ஓட்ட ஆள் தேடுறதுதான் மத்த நாட்டு வழக்கம், இங்க அரசாங்கமே ஆளுக்கு சைக்கிளைக் குடுத்துட்டு பாதையைப் பத்தி யோசிக்காம விட்டிருக்கு.

சைக்கிள் என்ன பண்ணும்ங்கிறதுக்கு ஆதாரம் நிறைய இருக்கு. பீகார்ல 2006ல இதே மாதிரி ஒன்பதாவது படிக்கிற பொம்பளைப் பிள்ளைங்களுக்கு சைக்கிள் குடுத்தாங்க, அதை ஆராய்ச்சி பண்ணினதுல உயர்நிலைப் பள்ளியில சேர்ற பெண்கள் மூணுல ஒரு பங்கு கிட்ட கூடினாங்கன்னு தெரிய வந்துச்சு, அதுவும் பள்ளிக்கூடம் தூரமா இருக்கிற ஊர்லதான் அதிகமாம். அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்துப் புதுக்கோட்டையில 1990களோட தொடக்கத்துல அறிவொளிங்கிற எழுத்தறிவு இயக்கத்துல, ஷீலாராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. குவாரியில வேலை பாத்தவங்க, பூ விக்கிறவங்க, அங்கன்வாடிக்காரங்க எல்லாம். பஸ்ஸுக்குக் காத்து நிக்கிற நேரம் மிச்சம், அப்பா, அண்ணன் கொண்டு போய் விடணும்ங்கிற நிலைமையும் இல்ல. கேலி பேசினவங்க நிறைய, ஆனா அன்னைக்கு அந்த ரோட்டுல இவ்வளவு வேகம் இல்ல.

இன்னைக்கு அதே பிள்ளை பிளஸ் டூ முடிச்சதும் சைக்கிள் அப்பாவுக்கோ தம்பிக்கோ போயிருது, இல்லன்னா வித்துர்றாங்க. காசு வந்ததும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வாங்கி ஐஸ் பெட்டியைக் கட்டிக்கிட்டு மீன் விக்கப் போறாங்க, அதுல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல, முப்பது கிலோ மீனை எதிர்க்காத்துல மிதிச்சுப் பாத்தாத்தான் தெரியும். சைக்கிள் எல்லாத்துக்கும் மாத்துன்னு சொல்ல வரல. ரெண்டு மூணு கிலோமீட்டர்ல முடியுற வேலைக்கு, லைசென்ஸ் எடுக்க வயசு வராத பிள்ளைங்களுக்கு, பெட்ரோல் லிட்டர் நூறு ரூபா பக்கம் விக்கிறப்ப அதைப் போட யோசிக்கிறவங்களுக்கு, இவங்களுக்கு ரோடு வழிவிடணும், அவ்வளவுதான். நாட்டுல 2022ல மட்டும் 1,68,491 பேர் ரோட்டு விபத்துல செத்தாங்க, அதுல பாதிக்கு மேல டூவீலர்ல போனவங்களும் நடந்து போனவங்களும்தான். சைக்கிள்ல போகப் பயந்து பைக்குக்கு மாறினா பாதுகாப்புன்னு நினைக்கிறது எவ்வளவு தப்புன்னு அதுலயே தெரியுது.

## இது யாரோட ரோடு?

குழப்பம் ஜாஸ்தி இருக்கிறது இங்கதான். "முனிசிபாலிட்டி சைக்கிள் பாதை போடக்கூடாதா"ன்னு கேப்பாங்க. முனிசிபாலிட்டிக்கு அந்த ரோடே சொந்தம் இல்ல.

1. என்.எச்., அதாவது நம்ம 87ம் ஈ.சி.ஆர்.ல வர்ற தேசிய நெடுஞ்சாலையும், மத்திய அரசோடது. தேசிய நெடுஞ்சாலை ஆணையமோ, மாநில நெடுஞ்சாலைத் துறையில இருக்கிற என்.எச். பிரிவோ பாத்துக்கும்.
2. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, இதர மாவட்டச் சாலை, இதெல்லாம் மாநில நெடுஞ்சாலைத் துறை.
3. உள்தெருதான் நகராட்சி, பேரூராட்சி. கிராமத்து ரோடு ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம்.

ராமநாதபுரத்தை ஒட்டின பட்டணங்காத்தான் மாதிரி இடத்துல டவுனும் ஊராட்சியும் ஹைவேயும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு, ஒரே சைக்கிள் பயணத்துல மூணு ஆபீசோட எல்லையைத் தாண்டிருவோம். ஒருத்தர் போடுற பாதை அடுத்தவர் எல்லையில வந்து நின்னுபோறதுக்கு இதுதான் காரணம்.

விதிமுறை இல்லன்னு சொல்ல முடியாது. ரோடு எப்படிப் போடணும்னு தரம் வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சைக்கிள் பாதைக்குன்னே ஐ.ஆர்.சி. 11னு ஒரு கையேடு வச்சிருக்கு, 2015ல திருத்தினது. 2006 தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வண்டியை நகத்துறது முக்கியம் இல்ல, மனுசனை நகத்துறதுதான் முக்கியம்னு எழுதி வச்சிருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்துல 112வது பிரிவுப்படி மாநில அரசு ஒரு ரோட்டுக்கு, ஒரு பகுதிக்கு உச்ச வேக வரம்பைக் குறைச்சு வைக்கலாம். 2019 திருத்தத்துல வந்த 198ஏ பிரிவு, ரோடு டிசைன் தரத்தைப் பின்பத்தாததால உயிர் போனாலோ ஊனமானாலோ காண்ட்ராக்டர், கன்சல்டன்ட், பொறுப்பான அதிகாரி அமைப்புக்கு ஒரு லட்சம் வரைக்கும் அபராதம்ங்குது. அதே திருத்தத்துல 138வது பிரிவுல சேத்தது ரெண்டு பக்கமும் வெட்டுற கத்தி, சைக்கிளும் நடக்கிறவங்களும் நெடுஞ்சாலையில வர்றதை ஒழுங்குபடுத்த மாநிலமே விதி போடலாம். அதை வச்சுப் பாதையும் குடுக்கலாம், வராதேன்னு தடையும் போடலாம். வேற ரோடே இல்லாத நம்ம ஊர்ல தடைன்னா என்ன அர்த்தம்னு யோசிச்சுக்கோங்க.

## மத்தவங்க எப்படி மாறினாங்க

நெதர்லாந்துக்காரங்க பொறக்கும்போதே சைக்கிளோட பொறந்தவங்கன்னு ஒரு நினைப்பு இருக்கு. 1950, 60கள்ல அவங்களும் காருக்குத்தான் ரோடு போட்டாங்க. 1971ல மட்டும் மூவாயிரம் பேருக்கு மேல ரோட்டுல செத்தாங்க, அதுல நானூறு பேருக்கு மேல குழந்தைங்க. "குழந்தைக் கொலையை நிறுத்து"ன்னு பெத்தவங்க தெருவுல இறங்கினாங்க, 1973ல எண்ணெய் நெருக்கடியும் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் மாறுச்சு.

நமக்கு இன்னும் பொருத்தமானது ஸ்பெயின்ல செவில். வெயில் 40 டிகிரி தாண்டுற ஊரு, தட்டைத் தரை. 2006ல இருந்து நாலஞ்சு வருஷத்துக்குள்ள நூறு கிலோமீட்டருக்கு மேல தனி டிராக் போட்டாங்க, கார் நிறுத்துற இடத்தை எடுத்துத்தான் போட்டாங்க. ஒரு சதவீதம்கூட இல்லாம இருந்த சைக்கிள் பயணம் ஆறேழு சதவீதமாச்சு. அங்கங்க துண்டு துண்டாப் போடாம, எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து ஒரே மூச்சுல போட்டதுதான் சூட்சுமம்.

சென்னை மாநகராட்சி 2014லயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, நடைபாதை வந்துச்சு, சைக்கிள் பேப்பர்லயே நின்னுபோச்சு. 2023ல குடியிருப்புத் தெருக்களுக்கு 30ன்னு வேக வரம்பு வச்சதுதான் என்னைக் கேட்டா அங்க நடந்ததுல உருப்படியான காரியம்.

## இங்க எதுல ஆரம்பிக்கிறது

முக்கியத்துவப்படி சொல்றேன்.

1. ஹைவே ஊருக்குள்ள நுழையுற வாசல்லயே வேகத்தைக் குறைக்கணும். போர்டு வச்சா குறையாது. ரோட்டைக் குறுக்கணும், மேடான கிராசிங் போடணும், பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி ரோடே நடைபாதை மட்டத்துக்கு ஏறி இறங்கணும். உச்சிப்புளி, தங்கச்சிமடம், தேவிபட்டினம் மாதிரி ஊருக்கு இது ஒண்ணு போதும், டிராக்கே வேணாம்.

2. தார் விளிம்பு மட்டத்தைச் சரி பண்ணுறது. மண்ணை நிரப்பி இறுக்கி ஒன்றரை மீட்டருக்குத் தார் போட்ட ஷோல்டர், அதாவது ரோட்டோரப் பட்டை. ஊருக்கும் ஊருக்கும் நடுவுல உள்ள நீளத்துக்கு குறைஞ்ச செலவுல நிறைஞ்ச பலன் இதுலதான்.

3. ராமநாதபுரம் டவுன்ல ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், அரண்மனை, கலெக்டர் ஆபீஸ், இதுகளைச் சேக்குற மாதிரி தொடர்ச்சியா ஒரு பாதை. கடைக்காரங்க வியாபாரம் போயிரும்னு எதிர்ப்பாங்க, அந்தப் பயம் நியாயம்தான், ஆனா ஒரு கார் நிக்கிற இடத்துல எட்டுப் பத்து சைக்கிள் நிக்கும், கடைக்குள்ள வர்றது மனுசன்தானே.

4. ராமேஸ்வரத்துல கோயிலைச் சுத்தின வீதிகள்ல நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம், வேன், பஸ்ஸுக்கு ஊருக்கு வெளியவே நிறுத்தம். டூரிஸ்டுக்கு வாடகை சைக்கிள் விடுறது நல்லாத்தான் இருக்கும், அதை மொத வேலையா வச்சா உள்ளூர் ஆளுக்கு ஒண்ணும் கிடைக்காது.

5. கூரை போட்ட ஸ்டாண்ட், வாரம் ஒரு தடவை முள்ளும் மணலும் கூட்டுறது, ரெண்டு வரிசை மரம்.

மனு குடுக்கிறவங்க "சைக்கிள் பாதை வேண்டும்"னு ஒத்தை வரியில எழுதினா, நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்னு பதில் வரும். எந்த ரோடு, எந்த இடத்துல இருந்து எந்த இடம் வரைக்கும், யாரோட எல்லை, விளிம்புல எத்தனை சென்டிமீட்டர் பள்ளம், எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எத்தனை மணிக்குக் கடக்கிறாங்க, இதையெல்லாம் ஸ்கேல் வச்சு அளந்த போட்டோவோட குடுக்கணும். கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல குடுக்கும்போது, கலெக்டர் தலைமையில இருக்கிற மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குன்னு தலைப்புலயே எழுதிருங்க, போலீஸ், நெடுஞ்சாலைத் துறை, ஆர்.டி.ஓ. எல்லாம் ஒரே மேசையில உக்கார்றது அங்கதான். சர்வீஸ் ரோடு, சுரங்கப்பாதை சம்பந்தமா இருந்தா நாலு வழி வேலை உங்க ஊர் பக்கம் வர்றதுக்கு முன்னாடியே குடுக்கணும், மீடியன் கட்டி முடிச்ச பிறகு அதுல ஒரு இடைவெளி வாங்குறதுக்கே வருஷக்கணக்கா அலைய வேண்டியிருக்கும்.